வந்த வழியே திருப்பி அனுப்பும் இரண்டு மரபணுக்கள்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருநாள் மாலை ஒரு கையில் இரத்தப் பரிசோதனை அறிக்கையும் மறு கையில் காலியான நல்லெண்ணெய் பாக்கெட்டுமாக வந்து நின்றார். அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 242 என்றிருந்தது. பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "நான் முட்டைகூடத் தொடுவதில்லை. எண்ணெயிலும் இல்லை என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள். பிறகு இது எங்கிருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டார்.

கல்லூரியில் உயிரியல் பாடம் நடத்துகிறேன் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால், நம் குடலிலும் கல்லீரலிலும் இரவு பகலாக வேலை செய்கிற ஒரு சிறு இறைப்பியிடம், அதாவது பம்பிடம், வந்து சேருவோம். கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசும்போது எதைச் சாப்பிட்டோம், எவ்வளவு உள்ளே போயிற்று என்றே எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். உள்ளே போனதை வெளியே அனுப்புவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் கொலஸ்ட்ரால் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நான்கு கரிம வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் ஒரு முனையில் வால் போல ஒரு சங்கிலி தொங்கும். மொத்தம் 27 கரிம அணுக்கள். இந்த அமைப்புள்ள பொருள்களுக்கு ஸ்டீரால் என்று பொதுப்பெயர். நம் உடலில் உள்ள ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் இதிலிருந்தே உருவாகின்றன. வைட்டமின் டி, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் ஆகியவற்றுக்கும் இதுவே மூலப்பொருள். இவ்வளவு அவசியமான பொருளை உணவிலிருந்து கிடைத்தால் கிடைக்கட்டும் என்று உடல் விட்டுவைக்குமா? தேவையானதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வரை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரையை உடல் எரித்துவிடும், கொழுப்பையும் எரித்துவிடும். ஆனால் ஸ்டீராலின் அந்த நான்கு வளையங்களை உடைக்கும் கருவி மனித உடலில் எந்தச் செல்லிலும் கிடையாது. ஆகவே மிஞ்சிய கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க முடியாது. வெளியேதான் அனுப்ப வேண்டும். அதற்கு உள்ள முக்கிய வழி, கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்குள் விடுவது. பித்தநீர் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் குடலுக்கு வந்து சேருகிறது. உணவிலிருந்து வருவது, அசைவம் சாப்பிடுகிறவருக்கே, பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவுதான். குடலுக்கு வந்த மொத்தத்தில் ஏறக்குறைய பாதியை உடல் மறுபடியும் உறிஞ்சிக்கொள்கிறது.

அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. முட்டையைத் தொடாதவர் குடலிலும் கொலஸ்ட்ரால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவருடைய சொந்தக் கல்லீரல் அனுப்பியது. அதோடு, பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் மாட்டிலிருந்து வருகிறவை என்பதால் அவற்றிலும் கொலஸ்ட்ரால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் நின்று வாங்கும் வெண்ணெய் தோசையைச் சைவம் என்று சொல்லலாம், கொலஸ்ட்ரால் இல்லாதது என்று சொல்ல முடியாது.

மீதிப் பதில் அந்த நல்லெண்ணெய் பாக்கெட்டில் இருக்கிறது. அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்டீரால் இல்லை என்று அர்த்தமில்லை. செடிகொடிகளின் செல்களுக்கும் சவ்வு உண்டு, அந்தச் சவ்வுக்கும் ஸ்டீரால் வேண்டும். அவை கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக அதன் பங்காளிகளைத் தயாரிக்கின்றன. சிட்டோஸ்டீரால், கேம்பஸ்டீரால், ஸ்டிக்மாஸ்டீரால் என்பன அவற்றில் முக்கியமானவை. அதே நான்கு வளையங்கள், அதே வால். வாலில் மட்டும் சிறு வித்தியாசம். கேம்பஸ்டீராலின் வாலில் ஒரு கரிம அணு கூடுதல், சிட்டோஸ்டீராலில் இரண்டு. அவ்வளவுதான்.

எள்ளும் நல்லெண்ணெயும் இந்தத் தாவர ஸ்டீரால்கள் நிறைந்தவை. வேர்க்கடலையிலும் நிறைய உண்டு. கார்த்திகை மாதத்தில் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழாவுக்குப் போய் மடிநிறையக் கடலை வாங்கி உரித்துத் தின்றவர்கள் எல்லோரும் சிட்டோஸ்டீராலைத்தான் மென்றிருக்கிறோம். பெங்களூர்க்காரர்கள் பட்டர் ஃப்ரூட் என்று அழைக்கும் வெண்ணெய்ப் பழம், பழங்களுக்குள் தாவர ஸ்டீரால் மிகுந்த ஒன்று. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. சாதாரண உணவு உண்கிற ஒருவர் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை தாவர ஸ்டீரால் சாப்பிடுகிறார். அதாவது, நாம் உண்ணும் கொலஸ்ட்ராலுக்கு ஏறக்குறைய சமமான அளவு.

அப்படியானால் இரண்டும் இரத்தத்தில் சமமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராம் என்றால், தாவர ஸ்டீரால்கள் எல்லாம் சேர்ந்தும் பொதுவாக ஒரு மில்லிகிராமைத் தொடுவதில்லை. வாலில் ஓரிரு அணு கூடியிருப்பதை எங்கோ யாரோ பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். யார் அது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இரு சகோதரிகளின் நோயும் ஒரு கால் நூற்றாண்டும் தேவைப்பட்டன.

இரண்டு சகோதரிகள்

1974இல் அமெரிக்காவில் பட்டாச்சார்யா, வில்லியம் கானர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார்கள். இருபது வயதைச் சற்றே கடந்த இரண்டு சகோதரிகள். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள். குதிகாலுக்கு மேல், முழங்கையில், விரல் மூட்டுகளில் வருகிற இந்தக் கட்டிகளைச் சாந்தோமா என்பார்கள். பொதுவாக, கொலஸ்ட்ரால் மிக மிக அதிகமாக உள்ள பரம்பரை நோயாளிகளுக்கு வருபவை அவை. ஆனால் இந்தப் பெண்களின் கொலஸ்ட்ரால் அளவு அப்படி அதிகமாக இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. இரத்தத்தில் உள்ள ஸ்டீரால்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அங்கே இருக்கவே கூடாத சிட்டோஸ்டீரால் குவிந்து கிடந்தது. சிட்டோஸ்டீரோலீமியா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. செடியின் பொருள் மனித இரத்தத்தில் சேர்ந்துவிடும் நோய். சாதாரணமாகக் குடல் தாவர ஸ்டீராலில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே விடுகிறது. இந்த நோயாளிகளின் உடல் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சியது. உறிஞ்சியதை வெளியே அனுப்பவும் தெரியாமல் தவித்தது.

நோய் தெரிந்துவிட்டது, காரணம் தெரியவில்லை. அது மனிதரின் இரண்டாவது குரோமோசோமில் ஒரு பகுதியில் இருக்கிறது என்பது வரை 1990களில் கண்டுபிடித்தார்கள். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ் குழுவும், அதையொட்டி 2001 தொடக்கத்தில் சைலேந்திர படேல் குழுவும் விடையை வெளியிட்டன. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு மரபணுக்கள். இரண்டில் எது பழுதானாலும் அதே நோய் வருகிறது.

இந்த இரண்டு மரபணுக்களும் அமர்ந்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கிராமத்தில் அண்ணன் தம்பி இருவர் நடுவில் ஒரே சுவர் வைத்து, ஒருவர் வாசலைக் கிழக்கே பார்த்தும் மற்றவர் மேற்கே பார்த்தும் வீடு கட்டிக்கொள்வார்களே, அதேபோல் முதுகோடு முதுகு சேர்த்து எதிரெதிர்த் திசையில் அமைந்திருக்கின்றன. நடுவில் உள்ள இடைவெளி மரபு எழுத்துகளில் 400க்கும் குறைவு. ஒரு சுவிட்சைத் தட்டினால் இரண்டு வீட்டிலும் விளக்கு எரியும்படியான நெருக்கம்.

உரலும் உலக்கையும்

இந்த இரு மரபணுக்களும் இரண்டு புரதங்களைத் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றும் பாதி இறைப்பிதான். உரல் மட்டும் இருந்தால் மாவு இடிபடாது, உலக்கை மட்டும் இருந்தாலும் இடிபடாது. ஏபிசிஜி5 புரதமும் ஏபிசிஜி8 புரதமும் ஜோடி சேர்ந்தால்தான் முழு இறைப்பி. இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன். ஜோடி கிடைக்காத பாதிப் புரதம், செல்லுக்குள் தான் உருவான கூடத்தைவிட்டே வெளியே வருவதில்லை. துணை கிடைத்த பிறகுதான் செல்லின் மேற்பரப்புக்குப் போய்த் தன் இடத்தில் நிற்கிறது. இரண்டில் ஒன்று கெட்டாலும் நோய் ஒன்றே என்பதற்குக் காரணம் இதுதான்.

ஏபிசி என்ற எழுத்துகள் ஒரு பெரிய புரதக் குடும்பத்தின் பெயர். மனித உடலில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் 48 உண்டு. செல்லின் எரிபொருளான ஏடிபியைப் பற்றிப் பிடித்துச் செலவழித்து, ஏதோ ஒரு பொருளைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுவது இவற்றின் வேலை. புற்றுநோய் மருந்தைச் செல்லுக்கு வெளியே துப்பும் புரதமும் இந்தக் குடும்பம்தான். நம் ஜோடி தள்ளுவது ஸ்டீராலை.

எப்படித் தள்ளுகிறது என்று புரிந்துகொள்ள, கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் ஒரு பார்சல் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லும் அப்படி ஓர் அலுவலகம். குடலுக்குள் ஸ்டீரால்கள் தண்ணீரில் கரையாமல் மிதக்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காய் எண்ணெயைப் பற்றிக்கொண்டு போவதைப் போல, பித்த உப்புகள் அவற்றைச் சிறு சிறு உருண்டைகளாகப் பற்றிச் செல்லின் வாசல் வரை கொண்டுவருகின்றன. வாசலில் என்பிசி1எல்1 என்றொரு புரதம் நின்று உள்ளே அழைத்துக்கொள்கிறது. இந்த வாசல்காரர் அவ்வளவு கறாரானவர் அல்ல. கொலஸ்ட்ராலும் உள்ளே வரும், தாவர ஸ்டீராலும் ஓரளவு உள்ளே வந்துவிடும்.

உள்ளே வந்த சரக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் சாக்கில் கட்டித் தைக்க வேண்டும். அந்தத் தையல் வேலையைச் செய்வது ஒரு நொதி. அது கொலஸ்ட்ராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து மூட்டையாக்குகிறது. மூட்டை கட்டப்பட்டது கைலோமைக்ரான் என்ற வண்டியில் ஏறி நிணநீர் வழியாக இரத்தத்துக்குப் போய்விடும். சிட்டோஸ்டீராலை என்ன செய்வது? அதன் வால் கொஞ்சம் பருமனானது. தைக்கும் நொதிக்கு அது சரியாகப் பிடிபடுவதில்லை. ஆகவே மூட்டையாகாமல் தரையில் உதிரியாகக் கிடக்கிறது. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 ஜோடி கைவைப்பது இந்த உதிரிச் சரக்கில்தான். உதிரியாகக் கிடப்பதை வாரி, ஏடிபியைக் கூலியாகக் கொடுத்து, வந்த வழியே குடலுக்குள் திருப்பித் தள்ளிவிடுகிறது. இன்னும் மூட்டையாகாத கொலஸ்ட்ராலும் இதில் அகப்பட்டு வெளியே போகும். அதனால்தான் கொலஸ்ட்ரால் பாதியளவு உள்ளே போகிறது, தாவர ஸ்டீரால் நூற்றுக்கு ஐந்துகூடப் போவதில்லை.

இதைச் சொல்லும்போது மாணவர்கள் பெரும்பாலும், அந்த இறைப்பி தாவர ஸ்டீராலை அடையாளம் கண்டு பிடிக்கிறது என்று எழுதுவார்கள். அது முழு உண்மை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறைப்பி கொலஸ்ட்ராலையும் தள்ளும். வித்தியாசம் பல இடங்களில் சிறிது சிறிதாகச் சேருகிறது. வாசலில் கொஞ்சம், தையலில் நிறைய, வெளியே தள்ளுவதில் மீதி. ஒரே காவலாளி எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை.

குடலின் இந்த வலையிலும் தப்பி இரத்தத்துக்குள் போய்விட்ட தாவர ஸ்டீராலுக்கு இரண்டாவது சோதனைச்சாவடி கல்லீரல். அங்கேயும் இதே ஜோடி நிற்கிறது, பித்தநீர் ஓடும் நுண்குழாயை நோக்கிய சவ்வில். கல்லீரலுக்கு வரும் தாவர ஸ்டீராலைப் பித்தநீருக்குள் தள்ளிவிடுகிறது. அதைவிடப் பெரிய வேலை, மிஞ்சிய கொலஸ்ட்ராலையும் அதே வழியாக வெளியே அனுப்புவது. நான் முன்னே சொன்ன அந்த 1000 மில்லிகிராமில் பெரும்பகுதி இந்த ஜோடியின் கைவண்ணம். இந்த இரு மரபணுக்களையும் நீக்கிய எலிகளின் பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாகக் குறைந்தது. கூடுதலாகச் சேர்த்த எலிகளில் பித்தநீரில் கொலஸ்ட்ரால் பல மடங்கு கூடியது, குடல் உறிஞ்சுவதும் குறைந்தது.

அதிகமாகத் தள்ளினால் நல்லதுதானே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அது கரைந்திருக்க முடியாமல் உறைந்து கல்லாகிவிடும். 2007இல் ஜெர்மனியில் நடந்த ஒரு மரபணு ஆய்வு, ஏபிசிஜி8 புரதத்தில் 19ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. கொலஸ்ட்ராலை முதன்முதலில் மனிதர் கண்டதே பித்தக் கல்லில்தான். அந்தப் பெயரின் கிரேக்க வேர்ச்சொற்களுக்குப் பித்தம், திடப்பொருள் என்று அர்த்தம்.

எப்போது எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? செல்லுக்குள் கொலஸ்ட்ரால் மிகும்போது அதில் ஒரு பங்கு ஆக்சிஜன் சேர்ந்து ஆக்சிஸ்டீராலாக மாறுகிறது. அது எல்எக்ஸ்ஆர் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எல்எக்ஸ்ஆர் மரபணுக்களின் சுவிட்சைத் தட்டுகிற புரதம். அது விழித்துக்கொண்டதும் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 இரண்டையும் அதிகமாக எழுதச் சொல்கிறது, இறைப்பிகள் கூடுகின்றன, கொலஸ்ட்ரால் வெளியேறுகிறது. மிகுந்துவிட்ட பொருளே தன்னை வெளியேற்றும் ஆளைக் கூவி அழைக்கிறது. டாலஸ் குழு மரபணுக்களைப் பிடித்ததும் இந்த நூலைப் பற்றித்தான். எல்எக்ஸ்ஆரைத் தூண்டும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, எந்தெந்த மரபணுக்கள் உரக்கப் பேசத் தொடங்குகின்றன என்று கவனித்தார்கள். அதில் அகப்பட்டது இந்தக் குடும்பம். கொலஸ்ட்ரால் குறையும்போது இதற்கு நேரெதிரான இன்னொரு ஏற்பாடு வேலை செய்து, உற்பத்தியையும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதையும் கூட்டுகிறது. அந்த ஏற்பாட்டின் வழியைக் காட்டிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களும் டாலஸ்காரர்களே.

இறைப்பி நின்றுபோனால்

மரபணு பழுதான குழந்தைக்கு என்ன நேர்கிறது? தாய்ப்பால் குடிக்கும் வயதிலேயே சிலருக்குக் கொலஸ்ட்ரால் மிக உயரமாகப் போய்விடும். முழங்கை, முழங்கால், பிட்டம், குதிகால் நாண் ஆகிய இடங்களில் மஞ்சள் கட்டிகள் வரலாம். சிவப்பணுக்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டிய இடத்தில் தாவர ஸ்டீரால் போய் உட்கார்ந்துகொள்வதால் அவை வடிவம் மாறி எளிதில் உடைகின்றன, இரத்தசோகை வருகிறது. தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெரிதாகின்றன. இரத்த நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் அலைந்த பிறகு ஸ்டீரால் நோய் என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது இதயத் தமனிகளின் அடைப்பு. அமெரிக்காவின் ஆமிஷ் சமூகத்தில் இந்த நோயுள்ள 13 வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று இறந்துபோனது 1980களின் தொடக்கத்தில் மருத்துவ இதழில் பதிவானது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, மருத்துவரையும் பெற்றோரையும் ஒன்றாக ஏமாற்றக்கூடியது. ஆய்வகங்களில் வழக்கமாகக் கொலஸ்ட்ராலை அளக்கும் நொதி முறைக்குக் கொலஸ்ட்ரால் எது, சிட்டோஸ்டீரால் எது என்று பிரிக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தந்துவிடும். அந்த எண் 400, 500 என்று வந்தால் குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் நோய் என்று முடிவு செய்து ஸ்டாட்டின் மாத்திரை எழுதுவார்கள். ஸ்டாட்டின் செய்வது கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அடக்குவது. இந்த நோயாளிகளிடம் அந்த உற்பத்தி முன்பே அடங்கித்தான் கிடக்கிறது. அடங்கிக் கிடப்பதை மேலும் அடக்கிப் பயன் என்ன? எண் பெரிதாக இறங்காது. கூடவே, இதயத்துக்கு நல்லது என்று நெய்யை நிறுத்திவிட்டு எள், கடலை, பருப்பு வகை, தாவர எண்ணெய் என்று மாற்றிக் கொடுத்தால் நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும்.

சரியாகக் கண்டுபிடித்தால் சிகிச்சை வியக்கத்தக்க அளவு எளிது. முதல் வாசலில் நிற்கிறாரே அந்த என்பிசி1எல்1, அவரை அடைத்துவிடும் மாத்திரை ஒன்று உண்டு. எசெட்டிமைப் என்று பெயர். 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விந்தை என்னவென்றால், அந்த மருந்து எந்தப் புரதத்தின் மேல் வேலை செய்கிறது என்பது அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. தள்ளும் இறைப்பி இல்லாத உடலில் நுழைவாசலை அடைப்பதுதானே புத்திசாலித்தனம்? அதோடு எள், நல்லெண்ணெய், கடலை, கொட்டை வகைகள், வெண்ணெய்ப் பழம், சாக்லேட், சிப்பி வகைகள் ஆகியவற்றைக் குறைத்தால் சில மாதங்களில் கட்டிகள் கரையத் தொடங்குவதுண்டு. சிப்பி எப்படி இதில் வந்தது என்று கேட்பீர்கள். அது பாசிகளைத் தின்று வளர்கிறது, பாசியின் ஸ்டீராலைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது.

இந்த நோய் மிக அரிது. ஆனால் நம் குடும்பங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவர் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இன்றி வாழ்வார், தன்னிடம் அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உண்டு. பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பங்களிலும் அது முற்றாக மறையவில்லை. ஒரே தாத்தாவின் பழுதான பிரதி இரண்டு வழியாக வந்து ஒரே குழந்தையில் சந்திக்க இந்த வழக்கம் இடம் கொடுக்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் உறவினர்களிலும் அப்படி மணந்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் ஏராளம், தாய்க்கும் தந்தைக்கும் இயல்பான அளவு என்றால், அதுவே பெரிய துப்பு. குடும்பவழி உயர்கொலஸ்ட்ராலின் வழக்கமான வகையில் பெற்றோரில் ஒருவருக்காவது அது உயர்ந்திருக்கும். அப்போது தாவர ஸ்டீராலைத் தனியாக வாயு வண்ணப்பிரிகை முறையில் அளக்க முடியுமா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் நல்லெண்ணெயைக் கொட்டிவிடக் கூடாது. இறைப்பி ஒழுங்காக வேலை செய்கிற நம்மைப் போன்ற பெரும்பாலோருக்குத் தாவர ஸ்டீரால் நண்பன்தான். பித்த உப்பின் உருண்டைகளில் இடம் பிடிக்கக் கொலஸ்ட்ராலோடு முட்டி மோதி, அதைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிடுகிறது. இந்தப் போட்டியைப் பயன்படுத்தி 1995இல் பின்லாந்தில் தாவர ஸ்டீரால் வகைப் பொருள் சேர்த்த செயற்கை வெண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்கு இரண்டு கிராம் அளவு சேர்த்தால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைகிறது. அந்த இரண்டு கிராமைச் சாதாரணச் சமையலில் எட்டுவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எள்ளுருண்டை தின்று கொலஸ்ட்ராலைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அதில் உள்ள வெல்லத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் மாடி வீட்டு அக்காவிடம் வருகிறேன். அவருக்கு 52 வயது. உடம்பில் எங்கும் கட்டி இல்லை, தட்டணுக்கள் இயல்பு, இரத்தசோகை இல்லை. 242 என்பது அந்த அரிய நோயைக் காட்டும் எண் அல்ல. குடலில் வந்து விழும் கொலஸ்ட்ராலில் ஒருவர் 30 சதவீதம் உறிஞ்சுவார், இன்னொருவர் 80 சதவீதம் வரை உறிஞ்சுவார். வாசல்காரரின் சுறுசுறுப்பும் இறைப்பியின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுவது அதற்கு ஒரு காரணம். ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் கணவனுக்கு 170, மனைவிக்கு 240 என்று வருவதில் மர்மம் ஒன்றும் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவது சகஜம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, தைராய்டு பரிசோதனையையும் எல்டிஎல் அளவையும் கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

அவர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாக்கெட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எள்ளுக்குள் இவ்வளவு கதையா?" என்றார். பிறகு, மைசூரில் இருக்கும் தன் தங்கையின் பேத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான்கு வயது, முழங்கையில் மஞ்சளாகச் சின்னச் சின்ன மேடுகள், மரு என்று சொல்லிக் களிம்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பெற்றோர் இருவரும் மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு இதுவரை ஒருமுறையாவது கொலஸ்ட்ரால் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் கைபேசியை எடுத்துத் தங்கையை அழைத்தார்.